முதலில் இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள்: 16 பெட்டி, ஒரு லினக்ஸ் சர்வர்

நான் பார்த்துக்கொள்வது ஒரு ஆடிட்டர் ஆபீஸ். 18 மேசை. அவற்றில் 16-இல் தலா ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஆன் செய்தால் நெட்வொர்க் வழியாகச் சின்னதாக ஒரு லினக்ஸை இழுத்துக்கொண்டு எழும்; எழுந்ததும் உள்ளறையில் இருக்கும் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) சர்வரின் திரையை, தூரத்துத் திரையைக் கொண்டுவரும் எக்ஸ்ஆர்டிபி என்ற புரோகிராம் வழியாகக் காட்டும். வேலை நடப்பது முழுக்கச் சர்வரில்தான். டேலி ஓடும் மீதி இரண்டு மேசை மட்டும் தனி விண்டோஸ் கம்ப்யூட்டர். அவை இந்தக் கணக்கில் இல்லை.

பெட்டிகளை நெட்வொர்க் வழியாக எழுப்ப எல்டிஎஸ்பி என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். 1999-இல் தொடங்கிய திட்டம் அது. 2019-இல் அடியோடு திருப்பி எழுதினார்கள். பழைய பதிப்புக்கு எழுதிய குறிப்புகள் இன்னும் தேடலில் முதலில் வந்து நிற்கும். அவற்றைப் பார்த்துப் புதியதில் கைவைத்தால் நாள் முழுக்கப் போய்விடும். தேதியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

இந்த மாதிரி ஆபீஸில் "சார், என் கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு" என்று யாராவது கூப்பிட்டால், எழுந்து போவதற்கு முன் ஒரு வேலை சொல்லுவேன். "பக்கத்து மேசைக்குப் போய் உங்க பேர்ல லாகின் பண்ணிப் பாருங்க." அங்கே நன்றாக வந்தால் கோளாறு பழைய மேசையில்: பெட்டி, கேபிள், ஸ்விட்ச் போர்ட். அங்கேயும் அதே தொல்லை என்றால் கோளாறு அவர் கூடவே நடந்து வந்திருக்கிறது. அவருடைய ஃபைல்களும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் அடைவிலோ, லாகின் முதல் லாக் அவுட் வரை சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய செஷனிலோ இருக்கிறது. பக்கத்து மேசைக்காரரும் அதையே சொல்கிறார் என்றால் நேராகச் சர்வர் அறைக்குப் போகலாம். கீழே இருப்பதில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே பிரிந்துவிடும்.

இன்னொன்று. கை துறுதுறுத்தாலும் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். தனிக் கம்ப்யூட்டரில் ரீஸ்டார்ட் ஒருவருடைய வேலையை அழிக்கும். இங்கே 16 பேர் சேமிக்காமல் வைத்திருப்பது போகும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளாக இருந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து போகும்.

பெட்டி எழவில்லை, கறுப்புத் திரையில் ஏதோ எண் நிற்கிறது

அந்த எண்ணைப் போனில் படிக்கச் சொல்லுங்கள். பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியாக எழும் முறை) காட்டும் பிழை எண்கள் பார்க்கத்தான் பயமுறுத்தும். உண்மையில் நல்ல உளவாளிகள்.

இ61 என்றால் கேபிளில் உயிரே இல்லை. பிளக்கின் கிளிப் உடைந்து தொங்கும், அல்லது எலி கடித்திருக்கும். எங்கள் ஆபீஸில் எலிதான் அதிகம். போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கேபிளை மாற்றிப் போடுங்கள்.

இ51 என்றால் கேபிள் சரி, ஆனால் முகவரி கொடுக்க யாரும் இல்லை. சர்வரில் நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி ஓடவில்லை. எங்களிடம் அந்த வேலையை டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராம் பார்க்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு இது அடிக்கடி வரும். பெட்டிகள் சில நொடிகளில் எழுந்து முகவரி கேட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் அப்படியே நின்றுவிடும்; சர்வர் அப்போதுதான் தன் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். சர்வர் முழுதாக வந்ததும் பெட்டிகளை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும். அப்போதும் வரவில்லை என்றால் டிஎன்எஸ்மாஸ்க்கின் நிலையைப் பாருங்கள். நெட்வொர்க் கார்டு தயாராவதற்கு முன்பே அது எழ முயன்று விழுந்து கிடக்கும். கையால் ஒரு தடவை எழுப்பிவிட்டு, நெட்வொர்க் வந்த பிறகே தொடங்கும்படி அதன் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது) அமைப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இ32 என்றால் முகவரி கிடைத்துவிட்டது, எழுவதற்கு வேண்டிய பூட் கோப்பைக் கேட்டால் பதில் இல்லை. அந்தக் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபிக்கான யுடிபி 69 போர்ட் சர்வரின் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும், இல்லையென்றால் டிஎஃப்டிபியே ஓடவில்லை.

இ53 தான் சுவாரசியம். யாரோ முகவரி கொடுத்துவிட்டார்கள், பூட் கோப்பின் பெயரைக் கொடுக்கவில்லை. அந்த "யாரோ" பெரும்பாலும் உங்கள் சர்வர் இல்லை. ஒரு நாள் காலை நான்கு பெட்டியில் மட்டும் இ53; மற்றவை ஜம்மென்று எழுகின்றன. ஆஃப் செய்து ஆன் செய்தால் வேறு மூன்று பெட்டியில் வருகிறது. பெட்டி வாங்கியிருந்த முகவரியைப் பார்த்தேன். எங்கள் சர்வர் கொடுப்பது 192.168.10 வரிசை, இது 192.168.0 வரிசையில் இருந்தது. போன் சிக்னல் வரவில்லை என்று மாடியில் ஒருவர் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் இருந்த போர்ட்டில் செருகியிருக்கிறார். அதுவும் முகவரி விநியோகம் செய்யத் தொடங்கிவிட்டது. சர்வரும் ரவுட்டரும் போட்டி போட்டன. எது முந்திக்கொண்டதோ அதன் முகவரி. ரவுட்டரைப் பிடுங்கியதும் முடிந்தது. அவருக்கு வைஃபை வேண்டியது நியாயம்தான். அதே ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

புதிதாக வாங்கிய பெட்டி மட்டும் எழவில்லை என்றால் அது யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் எழப் பார்க்கிறது. அதற்குப் பூட் கோப்பு வேறு. கையொப்பமிட்ட பூட் கோப்பை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திரை உறைந்தது

சர்வர் அறைக்கு ஓடுவதற்கு முன் ஸ்விட்சைப் பாருங்கள். சர்வருக்கு யுபிஎஸ் போட்டிருப்போம், பெட்டிகள் இன்வெர்ட்டரில் இருக்கும், நடுவில் இருக்கும் ஸ்விட்சை மட்டும் யாரோ சாதாரண பிளக்கில் செருகியிருப்பார்கள். கரண்ட் கண் சிமிட்டினால்கூட ஸ்விட்ச் அணைந்து எழும். அந்த இடைவெளியில் அத்தனை பேரும் அறுந்துபோவார்கள். நல்ல செய்தி என்னவென்றால், செஷன்கள் சர்வரில் உயிரோடுதான் இருக்கும். திரும்ப லாகின் செய்தால் விட்ட இடத்தில் கர்சர் நிற்கும். இதை ஊழியர்களுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள், பதறமாட்டார்கள்.

ஸ்விட்ச் எரிகிறது, ஆனால் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னுகிறது என்றால் அது லூப். கேபிளின் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கும். கூட்டிப் பெருக்கும்போது கீழே தொங்கிய முனையை "விழுந்து கிடக்கே" என்று நல்ல மனதோடு காலியான போர்ட்டில் மாட்டிவிடுவார்கள். விலை குறைந்த ஸ்விட்சுகளுக்கு லூப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் மின்னல் அடங்குகிறதோ அதுதான்.

பாஸ்வேர்டு கொடுத்தால் திரும்பவும் லாகின் திரையே வருகிறது

பாஸ்வேர்டு தவறு என்று சொல்கிறதா, ஒன்றும் சொல்லாமல் ஒரு நொடி கறுத்துத் திரும்பி வருகிறதா என்று முதலில் கேளுங்கள். தவறு என்று சொன்னால் கீபோர்டில் கேப்ஸ் லாக், நம்பர் லாக் பொத்தான்களைப் பாருங்கள். பெட்டியில் விளக்கு ஒரு மாதிரியும் சர்வர் நினைப்பது இன்னொரு மாதிரியும் இருப்பது உண்டு. பயனர் பெயர் கட்டத்தில் பாஸ்வேர்டை அடித்துப் பார்க்கச் சொன்னால் எது வருகிறது என்று கண்ணால் தெரியும். பார்த்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தால் பாஸ்வேர்டு சரி. உள்ளே போய், உட்கார இடமில்லாமல் வெளியே வந்திருக்கிறார். இதை உவமையாகச் சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மையிலேயே இடம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வெளியே போய் வந்து லாகின் செய்தால் வரவில்லை. பக்கத்து மேசையிலும் வரவில்லை. அவருடைய ஹோம் அடைவில்தான் ஏதோ என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் இன்னொருவர். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். நான் சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக நுழைந்தேன், எந்தத் தடையும் இல்லை. கோப்பு உருவாக்கிப் பார்த்தேன், உருவானது. அதனால் டிஸ்க் நிறைந்திருக்கும் என்ற எண்ணமே வரவில்லை. அரை மணி நேரம் எக்ஸ்ஆர்டிபியின் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருந்தேன். ஆளுக்கு ஆள் மாறும் கோளாறு என்பதால் என் இடம் மாற்றும் சோதனையும் இங்கே என்னை ஏமாற்றியது.

கடைசியில் டிஸ்க்கில் மிச்ச இடம் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தால் ஹோம் பகுதி 100 சதவீதம். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். அதனால் எனக்கு எழுத இடம் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. லாகின் ஆகும்போது, திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் என்ற அமைப்பு தன்னுடைய அனுமதிச் சீட்டை ஹோம் அடைவில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைவுக் கோப்பில் எழுத வேண்டும். எழுத ஒரு பைட் இல்லை என்றால் செஷன் அங்கேயே செத்து, லாகின் திரைக்குத் திரும்பும். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் ஃபைலைச் சேமிக்கப் போகும் வரை தப்பித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

யார் நிரப்பியது என்று, அடைவுகளின் அளவைக் காட்டும் டியு கட்டளை போட்டுத் தேடினால் ஒருவருடைய ஹோமில் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற மறைவுக் கோப்பு மட்டும் 40 ஜிபிக்கு மேல். ஏதோ ஒரு புரோகிராம் ஒரே எச்சரிக்கை வரியை நொடிக்கு ஆயிரக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஆள் மூன்று நாளாக லாக் அவுட் செய்யவில்லை.

இங்கே இரண்டாவது தடவை சறுக்கினேன். கோப்பை அழித்தேன். டிஎஃப் அடித்தால் இன்னும் 100 சதவீதம்! ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயரை அழித்தாலும் இடம் திரும்ப வராது. புரோகிராம் அதை விடும் வரை காத்திருக்க வேண்டும். அழித்தபின்னும் பிடித்துவைக்கப்பட்ட கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்து அந்தப் புரோகிராமை நிறுத்தியதும் இடம் வந்தது. இப்போதெல்லாம் அழிப்பதில்லை, ட்ரங்கேட் கட்டளையால் கோப்பின் அளவைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடுகிறேன். உடனே இடம் கிடைக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று டிஸ்க் கோட்டாவும் போட்டுவிட்டேன். இனி ஒருவர் நிரப்பினால் அவர் மட்டும்தான் வெளியே நிற்பார்.

டிஎஃப் இடம் இருப்பதாகச் சொல்லியும் எழுத முடியவில்லை என்றால் ஐநோடு (கோப்புக்கு ஒன்று வீதம் செலவாகும் பதிவு) எண்ணிக்கையைப் பாருங்கள். குட்டிக் குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் மிச்சம் இருக்கும்போதே அது தீர்ந்துபோகும். அதுவும் சரி, ஒரே ஆளுக்கு மட்டும் பிரச்சினை என்றால் அந்த எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டு ஏதாவது வரைகலைப் புரோகிராமை ஓட்டியதில் அது ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டிருக்கும். அழித்துவிட்டால் அடுத்த லாகினில் புதிதாக வந்துவிடும். யாருமே உள்ளே போக முடியவில்லை, இடமும் இருக்கிறது என்றால் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் டெம்ப் அடைவின் அனுமதி 1777 ஆக (எல்லோரும் எழுதலாம் என்று பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ "சுத்தம்" செய்திருப்பார்கள்.

ஊர்கிறது

காலையில் நன்றாக ஓடி, பதினொரு மணிக்கு மேல் ஊர்ந்தால் நினைவகம். சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளை போட்டுப் பாருங்கள். சிபியு சும்மா இருக்கிறது, ஆனால் லோடு ஏறிக்கொண்டே போகிறது, காத்திருப்பைக் காட்டும் "டபிள்யூஏ" எண் பெரிதாக இருக்கிறது என்றால், ராம் தீர்ந்து, டிஸ்க்கை ராம் மாதிரிப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் உருட்டிக்கொண்டிருக்கிறது. தின்பது யார் என்றால் பிரவுசர்தான். லிப்ரே ஆபீஸ் பத்து ஃபைல் திறந்தாலும் பெரிதாகக் கேட்காது. பிரவுசரில் முப்பது டேப் திறந்து வைத்திருக்கும் ஒருவர் மற்ற எல்லோருடைய பங்கையும் சாப்பிட்டுவிடுவார்.

ராம் வாங்கிப் போடுவது நல்லதுதான், ஆனால் அதற்கு முன் வேலி போடுங்கள். சிஸ்டம்டி ஒவ்வொரு பயனரையும் தனித்தனி ஸ்லைஸில் (பங்கு பிரித்த குழுவில்) வைத்திருக்கிறது. எல்லாப் பயனர் ஸ்லைஸுக்கும் பொதுவாக ஒரே ஒரு அமைப்புக் கோப்பில் மெமரிஹை, மெமரிமேக்ஸ் இரண்டுக்கும் அளவு எழுதிவிடலாம். முதல் எல்லையைத் தாண்டினால் அந்த ஆள் மட்டும் மெதுவாவார். இரண்டாவதைத் தாண்டினால் அவருடைய புரோகிராம் ஒன்று கொல்லப்படும். "என் பிரவுசர் தானா மூடிடுச்சு" என்று அவர் வந்து சொல்லும்போது லினக்ஸின் மையமான கர்னலின் பதிவில் பார்த்தால் சாட்சி இருக்கும். 15 பேர் உறைவதைவிட ஒருவர் புகார் சொல்வது மேல் என்பது என் கட்சி.

திங்கள்கிழமை காலை எடுத்த எடுப்பிலேயே ஊர்ந்தால் வேறு கதை. பெட்டியை ஆஃப் செய்தால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெட்டி வெறும் ஜன்னல். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். லாக் அவுட் செய்யாதவர்களின் செஷன்கள் வாரக் கணக்கில் ஓடும். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் இருக்கும் கேபிளையும் ஒரு தடவை எத்டூல் கட்டளை வைத்துப் பாருங்கள். வேகம் (நொடிக்கு மெகாபிட்) 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி போயிருக்கிறது. ஒரு பெட்டிக்கு 100 தாராளம். 16 பெட்டிக்குப் பொதுவான வாய்க்கால் 100 ஆனால் திணறும்.

ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்கிறது, திரையில் எதுவும் இல்லை

பொய் சொல்லவில்லை. வேறொரு செஷனில் திறந்திருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு செஷன் எப்படி வரும் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பழைய செஷனோடு சேர்த்துவிடலாமா என்று முடிவு செய்ய எக்ஸ்ஆர்டிபி பயனர் பெயரோடு நிற அளவையும் பார்க்கிறது. பழைய பெட்டி ஒன்றில் நான் 16 பிட் வைத்திருந்தேன், மற்றவற்றில் 24. அந்த மேசையில் வேலை செய்தவர் எழுந்து வேறு மேசைக்குப் போனால் அவருக்குப் புது செஷன் பிறக்கும், பழையது பேயாக உள்ளே சுற்றும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நிற அளவு வைத்ததும் இந்தப் புகார் நின்றது. அவசரத்துக்கு, அந்தப் பயனரின் பழைய ஃபயர்ஃபாக்ஸை மட்டும் சர்வரிலிருந்து நிறுத்தலாம். புரொஃபைல் அடைவில் இருக்கும் பூட்டுக் கோப்பை மட்டும் அழித்துத் திறக்க வைப்பது ஆபத்து. இரண்டு ஃபயர்ஃபாக்ஸ் ஒரே புரொஃபைலில் எழுதினால் புக்மார்க் முதற்கொண்டு கெடும்.

பிரின்ட் வரவில்லை

பிரின்ட் வரிசையின் நிலையைக் காட்டும் எல்பிஸ்டாட் கட்டளை போட்டுப் பாருங்கள். வரிசை நிறுத்தப்பட்டிருக்கிறது என்று காட்டும். பேப்பர் சிக்கியோ பிரின்டர் அணைந்தோ ஒரு தடவை தோற்றால், லினக்ஸில் பிரின்ட் வேலையைப் பார்க்கும் கப்ஸ் அந்த வரிசையையே மூடிவிடுவது உண்டு. பிரின்டரைச் சரிசெய்தாலும் வரிசை தானாகத் திறக்காது. அதற்குள் ஆளாளுக்குப் பத்து தடவை பிரின்ட் கொடுத்திருப்பார்கள். திறந்ததும் அத்தனையும் வரும். முதலில் தேங்கியதை ரத்து செய்துவிட்டுத் திறங்கள். பிழைக் கொள்கையை "மறுபடி முயற்சி செய்" என்று மாற்றிவிட்டால் இந்த வேலையே இல்லை.

பேப்பர் இருந்தும் பிரின்டர் விளக்கு மினுக்கிக்கொண்டு காத்திருந்தால் அது லெட்டர் அளவுப் பேப்பர் கேட்கிறது. சர்வரின் லொக்கேலை (மொழி, நாடு அமைப்பை) அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவியிருப்பீர்கள். இந்திய ஆங்கிலமாக மாற்றினால் ஏ4 வரும்.

பென்டிரைவ் தெரியவில்லை

செருகியது பெட்டியில், வேலை செய்வது சர்வரில். பெட்டியில் இருக்கும் இணைப்புப் புரோகிராமிடம் டிரைவையும் அனுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் ஹோம் அடைவில் தின்கிளையன்ட்-டிரைவ்ஸ் என்ற அடைவுக்குள் தெரியும். இணைப்பு பாதியில் அறுந்தால் அந்த அடைவு தொங்கலாகி, ஹோமைத் திறந்தாலே பிழை காட்டும். சர்வரில் அதை அன்மவுன்ட் செய்தால் சரியாகும். இரவு பேக்கப்பும் அதில் முட்டிக்கொள்ளும், அந்த அடைவை விட்டுவிடச் சொல்லுங்கள்.

தமிழ் சரியாக வரவில்லை

கட்டம் கட்டமாக வந்தால் யூனிகோடு எழுத்துரு இல்லை. நோட்டோவோ லோகித்தோ சர்வரில் ஒரு தடவை நிறுவினால் எல்லா மேசைக்கும் வந்துவிடும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

ஆங்கில எழுத்துக்களாகக் கூளமாக வந்தால் அது யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல். "தமிழ்" என்ற சொல்லே அதில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பாமினி எழுத்துருவைச் சர்வரில் போட்டால் படிக்கலாம். ஆனால் தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. படித்து முடித்ததும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஆங்கிலமே வந்தால், தட்டச்சு முறையைக் கவனிக்கும் ஐபஸ் அவருடைய செஷனில் விழுந்திருக்கும். அதை மறுபடி தொடங்கினால் போதும், லாக் அவுட் வேண்டாம்.

"என் ஃபைல் எல்லாம் போச்சு"

இந்தப் போன் வந்தால் வயிறு கலங்கும். எனக்கும் முதல் தடவை கலங்கியது; பேக்கப் டிஸ்க்கைக் கையில் எடுத்துவிட்டேன். டெஸ்க்டாப்பில் அவருடைய ஒரு ஃபோல்டரும் இல்லை, பின்னணிப் படம்கூட மாறியிருக்கிறது என்றார். பின்னணிப் படம் என்றதும் பொறி தட்டியது. திரையின் மேல் மூலையில் என்ன பெயர் இருக்கிறது, படியுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சார்... இது அக்கவுண்ட்ஸ் மேடம் பேரு."

மேடம் லாக் அவுட் செய்யாமல் சாப்பிடப் போயிருந்தார்.